மாஹிம் ஸ்டேஷன்: கிழக்கே ஒரு கோர்ஸ், மேற்கே ஒரு கோர்ஸ்

மாஹிம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கினால் தர்கா, புதன்கிழமைதோறும் நவநாள் கூட்டம் அலைமோதும் செயின்ட் மைக்கேல் தேவாலயம், அடுக்குமாடிக் குடியிருப்புகள். கிழக்குப் பக்கம் படியிறங்கினால் தாராவி. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ரூபாரேல் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஒரே மும்பை பல்கலைக்கழகத்தின் மார்க்‌ஷீட்டை வாங்குகிறார்கள். ஒரே யூடியூப் சேனலைப் பார்த்து ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஆனால், ‘வெளிநாட்டில் என்ன படிக்கலாம்?’ என்ற கேள்வி வரும்போது மட்டும் ஸ்டேஷன் பாலம் நடுவே வந்து நின்றுகொள்கிறது. மேற்கே இருக்கும் பிள்ளை தனக்கு எதில் ஆசை என்பதிலிருந்து தொடங்குகிறது. கிழக்கே இருக்கும் பிள்ளை, அப்பாவிடம் என்ன பத்திரம் இருக்கிறது, தாத்தா எந்த வருடம் பம்பாய்க்கு வந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் மிகைதான். மேற்கிலும் வாடகைக் குடித்தனங்கள் உண்டு. தாராவியிலும் பட்டறை வைத்துச் சம்பாதித்தவர்கள் உண்டு. ஆனாலும் விண்ணப்பம் போடத் தொடங்கிய எந்தத் தாராவி வீட்டில் கேட்டாலும் பேச்சு இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து முட்டும்.

சென்ற சீசனில் தாதர் பக்கம் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த ‘எஜுகேஷன் ஃபேர்’ ஒன்றுக்குப் போயிருந்தேன். வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு நாட்டுக் கொடி, பளபளக்கும் புத்தகங்கள், இலவசப் பை. ஒரு மேஜையில் அம்மாவும் மகனும். பையன் பி.எஸ்சி. ஐ.டி. முடித்தவன். கவுன்சிலர் இந்தியில் விளக்குகிறார்: டேட்டா அனலிடிக்ஸ், சைபர் செக்யூரிட்டி, இன்டர்நேஷனல் பிசினஸ். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“எவ்வளவு ஆகும்னு கேளுடா.”

கேட்டான். “லோன் ஹோ ஜாயேகா, ஆன்ட்டி” என்றார் அவர், அம்மாவைப் பார்த்தே.

“லோன் கிடைக்கும்ங்கிறாரும்மா.”

“எதை வெச்சு?”

பையன் அதை இந்தியில் கேட்கவில்லை. நானும் அந்த ஹாலில் வேறெங்கும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இந்த மேளாக்களில் கவுன்சிலிங் இலவசம். ஏன் இலவசம் என்பதை யாரும் சொல்வதில்லை. சேர்த்துவிடும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழகமே ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது. அது மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு. கட்டணம் எங்கே அதிகமோ அங்கே கமிஷனும் அதிகம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கட்டணமே வாங்குவதில்லை, கமிஷனும் கொடுப்பதில்லை. அதனால்தான் அந்த ஹாலில் ஜெர்மன் கொடி வைத்த மேஜையில்கூடத் தனியார் கல்லூரிகளின் புத்தகங்களே அடுக்கியிருந்தன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வியாபாரம் அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் நமக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு.

பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

கோர்ஸின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ‘எம்.எஸ். எகனாமிக்ஸ்’ என்றால் எல்லா இடத்திலும் அதே எம்.எஸ். எகனாமிக்ஸ்தானே? அமெரிக்காவில் இல்லை. அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் சி.ஐ.பி. என்று ஒரு குறியீட்டு எண் உண்டு. மாணவருக்கு வரும் ஐ-20 படிவத்தில் அது அச்சாகியிருக்கும். ஒரு பல்கலைக்கழகம் தன் பொருளாதாரப் படிப்பைச் சாதாரணப் பொருளாதாரம் என்று பதிவு செய்திருந்தால், படித்து முடித்தபின் அங்கே வேலை பார்க்க 12 மாதம். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் ஏறக்குறைய அதே பாடத்தை 45.0603, அதாவது கணிதவழிப் பொருளாதாரம் என்று பதிவு செய்திருந்தால், அது ‘ஸ்டெம்’ பட்டியலில் வந்து 24 மாதம் கூடுதல். மொத்தம் மூன்று வருடம். கடனை அடைக்க வேண்டியவனுக்கு ஒரு வருடச் சம்பளமா, மூன்று வருடச் சம்பளமா என்பதை அந்த ஆறு இலக்கம் தீர்மானிக்கிறது. விளம்பரப் புத்தகத்தில் அது பெரிய எழுத்தில் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே முதுநிலையில் சேர, இளநிலையில் படித்த பாடங்களைக் கிரெடிட் கிரெடிட்டாக எண்ணுவார்கள். கணிதத்தில் இத்தனை, தியரி கம்ப்யூட்டர் சயின்ஸில் இத்தனை என்று கணக்கு. நம் ஊரில் சுயநிதிப் படிப்பாகக் கொடிகட்டிப் பறக்கும் பி.எஸ்சி. ஐ.டி.யில் கணிதம் ஒல்லி. 90 சதவீதம் வாங்கியவருக்கும் ‘தேவையான கிரெடிட் இல்லை’ என்று ஒரு வரிக் கடிதம் வந்துவிடலாம். அதே பையன் பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் விண்ணப்பித்திருந்தால் இடம் கிடைத்திருக்கக்கூடும். பி.எம்.எஸ். (மேலாண்மை), பி.ஏ.எஃப். (கணக்கியல், நிதி) படித்தவர்களுக்கும் இதே சங்கடம். ஜெர்மனியை மனதில் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததுமே இளநிலைப் பாடத்திட்டத்தைப் பார்த்துச் சேர்வது நல்லது. மூன்றாவது வருடத்தில் பார்த்துப் பயனில்லை.

கனடாதான் பலரைக் கவிழ்த்தது. பி.காம். முடித்துவிட்டு அங்கே ஒரு கல்லூரியில் இரண்டு வருட பிசினஸ் டிப்ளமா, பிறகு வேலை அனுமதி, பிறகு நிரந்தரக் குடியுரிமை என்ற பாதையில் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. கணக்கில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 10,000 டாலரிலிருந்து 20,635 ஆனது. 2025 செப்டம்பரில் 22,895. 2024 நவம்பர் 1-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்கள் பட்டமல்லாத டிப்ளமா படித்தால், ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளின் பட்டியலில் அந்தப் படிப்பு இருந்தால்தான் பின்னால் வேலை அனுமதி. பொதுவான பிசினஸ் டிப்ளமா அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணன் போன வழியில் தம்பி போக முடியாது என்றாகிவிட்டது.

பிரிட்டன் மூன்றாண்டுப் பட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறது, முதுநிலையும் ஒரே வருடம். மும்பைக்காரர்களுக்கு அது பிடிப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்பல்லாத முதுநிலை மாணவர்கள் மனைவி, மக்களை அழைத்துப் போக முடியாது. படித்தபின் தங்கும் இரண்டு வருட விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகச் சுருங்குகிறது, பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருடம் அப்படியே இருக்கிறது. இப்போது சேர்க்கைக் கடிதம் கையில் வைத்திருப்பவர் தன் படிப்பு எப்போது முடிகிறது என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘கேடி’ என்கிற பேய் வேறு இருக்கிறது. மும்பையில் கல்லூரி வாசலை மிதித்த எவருக்கும் ஏ.டி.கே.டி. என்பதை விளக்க வேண்டாம். ஒரு பாடத்தில் தோற்றாலும் அடுத்த வருடம் போகலாம் என்ற சலுகை. நம்மைப் பொறுத்தவரை மறுதேர்வில் பாஸானால் கேடி போய்விட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. டிரான்ஸ்கிரிப்டில் எத்தனை முறை எழுதினார் என்பது தெரியும்; எத்தனை வரை பொறுப்போம் என்று பல இடங்களில் வரம்பே உண்டு. அதை மறைத்து எழுதச் சொல்லும் ‘ஆலோசகர்’ யாராவது கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் விசா மறுப்பு பாஸ்போர்ட் வரலாற்றிலேயே ஏறிவிடும்.

எதை வெச்சு?

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் ஃபிளாட், நிலம், வைப்புத்தொகை ஏதாவது வேண்டும். லண்டனில் ஒரு வருட எம்.எஸ்சி.க்குக் கட்டணமும் சாப்பாடும் வாடகையும் சேர்ந்து 40 லட்சத்தைத் தாண்டும். விசாவுக்கு 9 மாதச் செலவுப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும். சுகாதார வரி வருடத்துக்கு 776 பவுண்டு, முன்கூட்டியே. 7.5 லட்சத்தை வைத்துக்கொண்டு இதில் எந்த மூலையை அடைப்பது?

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ஒரு கோலி, அதாவது ஒற்றையறை வீடு, இன்று லட்சக்கணக்கில் கைமாறுகிறது. ஆனால் வங்கி மேலாளரின் மேஜையில் அதற்கு மதிப்பு பூஜ்யம். நிலம் அந்தக் குடும்பத்துடையது அல்ல. இருப்பது சர்வே ரசீதும் மின்கட்டணச் சீட்டும். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் முடிந்து புது வீட்டுச் சாவி கையில் வரும்வரை அந்த வீட்டைக் காட்டி ஒரு ரூபாய் வாங்க முடியாது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் சில வங்கிகள் அடமானமில்லாமல் பெரிய தொகை கொடுக்கின்றன. அந்தப் பட்டியலுக்குள் வராதவர்கள் தனியார் நிதி நிறுவனங்களிடம் கூடுதல் வட்டிக்குப் போகிறார்கள், அதுவும் அப்பாவின் சம்பளச் சீட்டு இருந்தால். தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் ரொக்கமாகக் கூலி வாங்குபவருக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்?

இட்லி வியாபாரம் செய்து பிள்ளையைப் பொறியாளராக்கியவர்களின் கதைகள் தாராவியில் நிறைய உண்டு. அவை உண்மைதான். ஆனால் உள்ளூர்க் கல்லூரிக் கட்டணம் என்பது மாதாமாதம் சீட்டுப் பிடித்துக் கட்டக்கூடியது. வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தப் பணமும் ஒரே நாளில் கணக்கில் இருந்தாக வேண்டும். உழைப்பு மட்டும் அங்கே போதாது.

பரேல் சாலிலிருந்து போனவர்

மாஹிமிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தெற்கே, பரேலில், பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய ஒரு சாலில் குடியிருந்த குடும்பத்திலிருந்து ஓர் இளைஞர் 1913-ல் நியூயார்க் போனார். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்த பீமராவ் அம்பேத்கர். அடமானம் வைக்க அவரிடமும் ஒன்றுமில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்று வருடத்துக்கு உதவித்தொகை கொடுத்தார். திரும்பி வந்து பத்து வருடம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு இருக்கிறது. பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. இன்றைய கவுன்சிலர் எவரும் இப்படியொரு கலவையைச் சிபாரிசு செய்ய மாட்டார். ‘மார்க்கெட் இல்லை சார்’ என்பார். அங்கே கிடைத்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வந்தவர் மாதிரி படித்திருக்கிறார். 1915-ல் எம்.ஏ. 1916 மே 9 அன்று, கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படிப் பரவின என்பது பற்றிக் கட்டுரை வாசித்தார். அவருக்கு அப்போது வயது 25.

பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கூடவே கிரேஸ் இன்னில் சட்டம். நடுவில் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஊருக்கு வந்து சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேமித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜ் உதவினார், நண்பர் நவல் பாதேனா கடன் கொடுத்தார். 1920-ல் மறுபடி லண்டன். 1921-ல் எம்.எஸ்சி., 1922-ல் பாரிஸ்டர், 1923-ல் ரூபாய் நாணயச் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. ஆக, அம்பேத்கரின் வெளிநாட்டுப் படிப்பும் உதவித்தொகை, இடைவெளி, சேமிப்பு, கைமாற்று என்று ஒட்டுப்போட்டுத்தான் முடிந்தது. தாராவிப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிலைக்கு மாலை போடும்போது நாம் சொல்வது பட்டங்களின் பட்டியலை மட்டும்.

1950 ஆகஸ்ட் 10

சாயாஜிராவ் இருந்த இடத்தில் இன்று அரசுகள் இருக்கின்றன. மகாராஷ்டிர அரசு, பட்டியல் சாதியினருக்கும் நவபௌத்தர்களுக்கும் ராஜர்ஷி சாகு மகாராஜ் பெயரில் வருடத்துக்கு 75 பேரை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. தமிழ்நாடு அரசு, ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் நடத்துகிறது. வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை. கேட்கும்போது, தாராவியின் திருநெல்வேலி வம்சாவளி ஆதிதிராவிட மாணவிக்கு இரண்டு கதவு திறந்திருப்பதுபோல் தோன்றும். பெரும்பாலும் இரண்டும் மூடித்தான் இருக்கின்றன.

மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்று வாங்க வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்த நாள் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் அதற்குப் பல பத்தாண்டு முன்பிருந்தே தாராவியில் இருக்கிறார்கள். ஆனால் ஆதாரம் என்றால் தாத்தாவின் ஸ்கூல் லீவிங் சர்டிபிகேட், பழைய ரேஷன் கார்டு, பிறப்புப் பதிவு. பள்ளிக்கூடமே போகாமல் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்தவருக்கு லீவிங் சர்டிபிகேட் ஏது? 2005 ஜூலை வெள்ளத்தில் பெட்டியோடு போன காகிதங்கள் எத்தனை? ஆதாரம் கிடைத்தாலும், அந்தச் சாதி மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். அதற்கப்புறம் வேலிடிட்டி சான்று தரும் ஆய்வுக்குழு.

1950-க்குப் பிறகு வந்த குடும்பங்களின் விஷயத்தை நீதிமன்றமே முடித்துவைத்துவிட்டது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994-ல் அதே கேள்வி மகாராஷ்டிரத்திலிருந்தே போனது, சாதிச் சான்றுக்கான செயற்குழு என்ற அமைப்பின் வழக்காக. பதில் மாறவில்லை. சாதிப் பெயர் இரண்டு பட்டியலிலும் ஒன்றாகவே இருந்தாலும்கூடச் செல்லாது. 2018-ல் பீர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதிசெய்தது. தீண்டாமை மாநில எல்லையில் இறங்கிக்கொள்வதில்லை என்பது தாராவியில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கிறது.

சரி, பூர்விகம் தமிழ்நாடுதானே, அங்கே கேட்கலாமே? அங்கே வட்டாட்சியர் தரும் சான்றுகள் வேண்டும். மூன்று தலைமுறையாக மும்பையில் ரேஷன் வாங்கி, மும்பையில் ஓட்டுப் போட்டு, மும்பையில் பிறந்த பெண், எந்த வட்டத்து அலுவலகத்தில் போய் நிற்பாள்? ஊரில் வீடில்லை, பட்டா இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயரில்லை. வருடத்துக்கொரு முறை கோயில் கொடைக்குப் போய்வருவதை எந்த அலுவலகமும் இருப்பிடச் சான்றாக ஏற்பதில்லை.

மிச்சமிருப்பது மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை. இது 1950-களிலிருந்து நடக்கும் திட்டம். வருடத்துக்கு 125 இடம். அதில் பட்டியல் சாதியினருக்கு 115, சீர்மரபினருக்கு 6, நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் பரம்பரைக் கைவினைஞர்களுக்கும் 4. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம், க்யூ.எஸ். தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் முதுநிலை அல்லது பிஎச்.டி. இடம். கட்டணம் முழுவதும் அரசு. செலவுக்கு அமெரிக்காவில் வருடம் 15,400 டாலர், பிரிட்டனில் 9,900 பவுண்டு. மத்தியத் திட்டம் என்பதால் பூர்விக மாநிலத்தை வைத்துத் தரும் சான்று இங்கே செல்லும். குடிபெயர்ந்த தமிழர்களுக்குப் பொருந்திவரும் ஒரே அரசுக் கதவு இதுதான் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கதவிலும் 2022-ல் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று விதியில் சேர்த்தார்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே ஆவணங்களும் அறிஞர்களும் இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம். கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் இந்த விதி 1916-ல் இருந்திருந்தால், கோல்டன்வைசரின் வகுப்பில் வாசிக்கப்பட்ட அந்தக் கட்டுரைக்கு அரசுப் பணம் கிடைத்திருக்காது. அம்பேத்கரின் எம்.ஏ. ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது, அதுவும் தப்பியிருக்காது. சமூகநீதி அமைச்சகமே இந்த விதியை எழுதியது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத விஷயம். டேட்டா சயின்ஸ் படிக்க யார் வேண்டுமானாலும் பணம் தருவார்கள். தன் தெருவைப் பற்றி ஆராய விரும்பும் தாராவிப் பெண்ணுக்குத்தான் அரசின் பணம் தேவைப்படுகிறது.

சொத்தில்லாதவர்களின் படிப்புகள்

கமிஷன் கிடைக்காததால் மேளாக்களில் காதில் விழாத சில வழிகள் உண்டு.

முதலாவது, பிஎச்.டி. அமெரிக்காவின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள், குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் கொடுக்கின்றன. எம்.எஸ்.ஸுக்கு 50 லட்சம் கடன் வாங்குபவர்கள் இருக்கும் அதே துறையில், பிஎச்.டி.க்கு ஒரு பைசா கட்டாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வரவுசெலவு ஆய்வு மானியங்களை நம்பியிருப்பதால் சமீப காலமாக இடங்கள் இறுகியிருக்கின்றன. ஆனாலும் வழி அடைபடவில்லை. மாட்டுங்காவில் இருக்கும் வேதியியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், இன்றைய ஐ.சி.டி., அன்றைய யு.டி.சி.டி., இந்தப் பாதையின் பழைய வாசல். அங்கே படித்த எம்.எம். சர்மா கேம்பிரிட்ஜில் 1964-ல் பிஎச்.டி. முடித்து, 27 வயதில் மாட்டுங்காவுக்கே பேராசிரியராகத் திரும்பி வந்தார். ஆய்வகத்தில் பேராசிரியருக்கு உதவியாக வேலை பார்த்த அனுபவமும் அவர் தரும் பரிந்துரைக் கடிதமும் இந்தப் பாதையில் மார்க்கைவிடப் பெரிய முதல்.

இரண்டாவது, ஜெர்மனி. கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட வேண்டும், நம் கணக்கில் ஏறக்குறைய 12 லட்சம். 40 லட்சம் எங்கே, 12 லட்சம் எங்கே? அந்தப் பணமும் மாதம் 992 யூரோவாக மாணவருக்கே திரும்பி வரும். இந்தியச் சான்றிதழ்களுக்கு ஏ.பி.எஸ். சரிபார்ப்பு 2022 நவம்பர் முதல் கட்டாயம். எல்லா மாகாணமும் இலவசம் என்று நம்பிவிட வேண்டாம்: பாடன்–வுர்ட்டம்பெர்க்கில் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலம் முதல் முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. ஜெர்மன் மொழி தெரிந்தால் பகுதிநேர வேலையும் எளிது. காலா கோடாவின் மேக்ஸ் முல்லர் பவன் ஒரு லோக்கல் பயணத் தூரம்தான்.

எராஸ்மஸ் முண்டஸ் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. இரண்டு, மூன்று நாடுகளில் செமஸ்டர் செமஸ்டராகப் படிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ. போட்டி கடுமைதான். ஆனால் வெள்ளப் பேரிடர் மேலாண்மை, நகர்ப்புற ஆய்வுகள், பொதுச் சுகாதாரம் மாதிரியான துறைகளில் தாராவியில் வளர்ந்தவருக்குச் சொல்ல ஒரு அனுபவம் இருக்கிறது. நோக்கக் கடிதத்தில் அதை எழுதத் தயங்கி, இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை ஒப்பேற்றுகிறார்கள்.

ஃபோர்ட்டில் ஜே.என். டாடா அறக்கட்டளை 1892 முதல் கடன் உதவித்தொகை கொடுத்துவருகிறது. முதலில் போன இருவரும் பெண் மருத்துவர்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனுக்குப் போனதும் இந்தப் பணத்தில்தான். தொகை முழுச் செலவுக்கும் போதாது. ஆனால் வேறு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயர் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு.

மருத்துவம் பற்றிக் கேட்காத வீடில்லை, அதனால் சுருக்கமாக. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் நீட் தேறியிருக்க வேண்டும். 2021 நவம்பர் விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவுசெய்யும் தகுதி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இந்தியாவில் பதிவு கிடைக்காது. திரும்பி வந்து எழுதும் தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். முதல் முயற்சியில் எடுக்காதவர்களே அதிகம். ஏஜென்ட் காட்டும் ஃபோட்டோவைப் பார்க்காமல் இந்த நாலு நிபந்தனைக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே மும்பைக்கு வரப்போகின்றன என்ற பேச்சும் ஓடுகிறது. 2023-ல் யு.ஜி.சி. அதற்கு விதிகள் வகுத்தது. பிரிஸ்டல், யார்க், அபர்டீன் போன்றவை மும்பையிலும் நவி மும்பையிலும் வளாகம் திறக்க அனுமதிக் கடிதம் பெற்றிருக்கின்றன. விசா செலவு மிச்சம், பிள்ளை இரவு வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டத்தோடு அந்த நாட்டில் வேலை பார்க்கும் அனுமதி கூடவே வராது. வசதியுள்ள வீடுகளுக்கு இது நல்ல ஏற்பாடு. ஸ்டேஷனுக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை.

மாற வேண்டியது வேறு. தமிழ்நாடு அரசு ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. கடல் கடந்த தமிழர்களுக்குக் காட்டும் அந்த அக்கறையில் ஒரு வரியை மும்பைத் தமிழர்களுக்கும் ஒதுக்கலாம்: அயலக உயர்கல்வித் திட்டத்தில், பெற்றோர் அல்லது தாத்தாவின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றை வைத்துப் பிற மாநிலத்தில் வசிக்கும் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்று. மத்திய அரசு 2022-ல் சேர்த்த அந்த விலக்கை எடுக்க வேண்டும். சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம் சங்கங்கள், பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஹால் பிடிக்கிற அதே சுறுசுறுப்போடு வருடத்துக்கு இரண்டு நாள் சான்றிதழ் முகாம் நடத்தலாம். ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ஒரு வருவாய் அதிகாரி, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் என மூன்று பேர் உட்கார்ந்தால் போதும்.

இதைப் படிக்கும் இரண்டாம் வருட மாணவர்களுக்கு: நாட்டையும் கோர்ஸையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஊருக்கு ஃபோன் போட்டு, தாத்தா, அப்பா பெயரில் உள்ள சாதிச் சான்று, பள்ளிச் சான்று எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து சேரவும், அதை வைத்து இங்கே சான்று வாங்கவும் எளிதில் ஒரு வருடம் ஓடிவிடும். உதவித்தொகைக்கான கடைசித் தேதிகள் அதுவரை காத்திருப்பதில்லை.